மெத்தை வீட்டுத் தளங்கள்: அமைப்பு, ஆயுள், பராமரிப்பு

கூரை வீட்டையும் ஓட்டு வீட்டையும் விட்டு மெத்தை வீடு கட்டிக்கொள்ளும் குடியானவர் தம் தளத்தினின்று எதிர்பார்க்கும் சௌகரியங்கள் பல. அது வெயிலையும் மழையையும் தடுக்கிறது. அறுவடைக் காலத்தில் நெல்லும் மிளகாயும் உளுந்தும் காயவைக்கும் களமாகிறது. கோடையிரவில் படுக்கையிடமாகிறது. பின்னொரு காலத்தில் மேல்மாடி எழுப்பவும் இடந்தருகிறது. ஆனால் ஓட்டுக் கூரை மழைநீரை விழுந்த மாத்திரத்தில் தள்ளிவிடுகிறது; மட்டமான தளமோ அந்நீரைச் சிறிது நேரமாவது தன்மேல் தாங்கி நிற்க வேண்டியதாயிருக்கிறது. இவ்வொரு வேறுபாட்டிலிருந்தே மெத்தைத் தளத்திற்கு வரும் கேடுகளில் பெரும்பாலானவை உண்டாகின்றன. செட்டிநாட்டிலும் தஞ்சைப் பகுதியிலும் நூறாண்டு கடந்த சுண்ணாம்புத் தளங்கள் ஒழுக்கின்றி நிற்கக் காணலாம். இருபது ஆண்டுகூட நிரம்பாத காங்கிரீட் தளங்களில் கம்பி துருவேறிக் காரை உதிர்வதையும் அதே ஊர்களில் காணலாம். தளம் வயதினால் கெடுவதினும் தேங்கிய நீரினால் கெடுவதே அதிகம் என்பது இதனால் விளங்கும்.

பாட்டனார் காலத்து மெத்தை வீட்டைப் பெற்றிருக்கும் குடும்பங்கள் இன்று ஒரு கேள்வியை எதிர்நோக்குகின்றன. பழைய தளத்தை இடித்துவிட்டுக் காங்கிரீட் போடுவதா, இருப்பதையே செப்பனிட்டு வைத்துக்கொள்வதா என்பதே அது. ஊரிலுள்ள பழைய சாவடி, பள்ளிக்கூடம், தானியக் கிடங்கு முதலியவற்றைப் பற்றிக் கிராம அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இதே கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்களாயிருக்கின்றனர். இரண்டு வகைத் தளங்களும் எவ்வாறு அமைந்தவை, எங்கே பலவீனமுடையவை என்பதை அறிந்தாலன்றி இதற்குத் தக்க விடை கூற இயலாது.

மதராஸ் டெரஸ் என்னும் சுண்ணாம்புத் தளம்

நம் நாட்டுப் பழைய மெத்தை வீடுகளின் தளம் பெரும்பாலும் மதராஸ் டெரஸ் என்று வழங்கும் முறையில் அமைந்தது. சுவருக்குச் சுவர் தேக்கஞ் சட்டங்களை ஓரடி முதல் ஒன்றரையடி இடைவெளியில் வரிசையாகப் பரப்பி, அவற்றின்மேல் சிறு செங்கற்களை விளிம்பின்மேல் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தினால் ஒன்றோடொன்று ஒட்டிச் செல்வதே இம்முறை. இதற்கென்றே சுடும் செங்கல் சாதாரணமாய் 6 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் உடையது. தேக்குக் கிடைக்காத இடங்களில் வயிரம் பாய்ந்த பனஞ்சட்டங்களையும், பிற்காலத்தில் இரும்பு உத்திரங்களையும் உபயோகித்ததுண்டு. இந்திய தர நிர்ணயத்தில் 2119-ஆம் எண் விதி இம்முறைக்கென்றே ஏற்பட்டது.

செங்கல் வரிசைகள் சட்டங்களுக்கு நேர்க்குறுக்காகச் செல்வதில்லை. அறையின் ஒரு மூலையில் தொடங்கிக் கோணவாட்டில் செல்கின்றன. இஃது அழகுக்காகச் செய்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இதற்கு வலுவான காரணமுண்டு. கோணவாட்டில் செல்லும்போது ஒவ்வொரு வரிசையும் முந்திய வரிசையின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மூலையில் இரு சுவர்களையும் அழுத்தி நிற்கும். சட்டத்தோடு இணையாக ஓடும் நீண்ட இணைப்புக் கோடு எங்கும் ஏற்படுவதில்லை. ஆகையால் கீழே பலகையடித்து முட்டுக் கொடுக்காமலே, கொத்தனார் சட்டங்களின்மேல் அமர்ந்தபடி தளம் முழுவதையும் மூடிவிட முடிகிறது. சாந்து இறுகியபின் செங்கற்கள் ஒன்றையொன்று நெருக்கிச் சட்டத்திற்குச் சட்டம் மிகத் தட்டையான சிறு வளைவுபோல் பாரத்தைத் தாங்குகின்றன.

இச்செங்கல் வரிசை சில நாட்கள் ஈரத்துடன் இறுகியபின், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்புச் சாந்தும் கலந்த காரை 4 அங்குலம் வரை பரப்பப்படும். ஊரில் இதனைச் சுருக்கி போடுதல் என்பர். சிறு மரக்கட்டைகளைக் கையிற் கொண்டு ஆட்கள் வரிசையாய் அமர்ந்து, இதனை மூன்று நாட்களுக்குக் குறையாமல் தட்ட வேண்டும். கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லக் கரைசலையும் தெளித்துக்கொண்டே தட்டுவது வழக்கம். 4 அங்குலக் காரை தட்டத்தட்ட 3 அங்குலமாய் இறுகும். கட்டை பட்ட இடத்தில் தடம் பதியாமல் கட்டை மேலே துள்ளினால் தட்டியது போதும் என்று கொள்ளலாம். கூலிச் செலவுக்கு அஞ்சி இதனை ஒரே நாளில் முடித்துவிட்டால், காரையினுள் எஞ்சிய காற்றறைகள் பின்னர் நீரறைகளாய் விடுகின்றன. பழைய தளங்கள் நெடுங்காலம் நின்றதன் இரகசியம் யாதென்று வினவுவோர் கடுக்காயைப் பற்றியும் முட்டையின் வெண்கருவைப் பற்றியும் அதிகமாய்ப் பேசுகின்றனர். அந்த மூன்று நாள் தட்டுதலைப் பற்றி அவர்கள் சற்றே பேசினால் நலமாயிருக்கும்.

இதன்மேல் தட்டோடுகள் இரண்டு வரிசையாய், மேல்வரிசையின் இணைப்புக் கீழ்வரிசையின் இணைப்புக்கு நேரே வாராதபடி, சாந்திற் பதிக்கப்படும். தளத்தின் வாட்டம் 3 அடிக்கு ஓர் அங்குலம் இருக்க வேண்டும். வாட்டத்தைக் காரை பரப்பும்போதே அமைத்துவிட வேண்டும். ஓடு பதிக்கும்போது சாந்தைக் கூட்டிக் குறைத்து வாட்டம் காட்டுவது நெடுநாள் நிற்பதில்லை.

சுண்ணாம்பின் குணம்

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயிற் சுடும்போது அதிலுள்ள கரியமிலவாயு நீங்கிவிடுகிறது. நீற்றிச் சாந்தாக்கிப் பூசியபின், அதே வாயுவைக் காற்றினின்றும் சிறிது சிறிதாகத் திரும்ப ஏற்றுச் சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகிறது. இது மெதுவாக நடைபெறும் காரியம்; மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் தொடரும். நன்றாய் அரைத்த செங்கற்பொடி சேர்ந்தால் அது சுண்ணாம்புடன் கூடி ஈரத்திலும் இறுகும் தன்மையைத் தருகிறது. சுண்ணாம்பு சிமெண்டைப்போல் அவ்வளவு கடினமாவதில்லை என்பது உண்மையே. ஆயினும் மரச்சட்டத்தின்மேல் அமைந்த தளத்திற்கு அம்மென்மையே ஏற்றது. மரம் மழைக்காலத்தில் சிறிது பருத்தும் கோடையில் சுருங்கியும் அசைகிறது. பாரத்தால் சற்றே வளையவும் செய்கிறது. சுண்ணாம்புக் காரை இவ்வசைவுக்கு இணங்கிச் செல்லும். மயிரிழை போன்ற வெடிப்பு உண்டானாலும், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு அவ்வெடிப்பிற் படிந்து அதனை ஓரளவு தானே மூடிவிடுவதுமுண்டு. மேலும் சுண்ணாம்புக் காரையினுள் சென்ற ஈரம் வெயில் காய்ந்தவுடன் அதன் வழியே வெளியேறிவிடுகிறது. பின்னர்க் கூறப்போகும் கேட்டினை விளங்கிக்கொள்ள இக்குணத்தை நினைவிற் கொள்ள வேண்டும்.

இத்தளத்தின் உயிர்நிலை சட்டங்களின் நுனிகள். சுவருக்குள் புதைந்திருக்கும் அரையடி முக்காலடி நீளத்தில்தான் தேக்கும் இற்றுப் போகிறது. அறையின் நடுவில் கண்ணுக்குத் தெரியும் பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் இறங்கும் நீர் நேரே சென்றடைவது இந்நுனிகளையே. அங்கே காற்றோட்டமில்லை, ஈரம் உலர்வதில்லை, கறையானும் அவ்வழியே ஏறுகிறது. எனவே சட்டத்தின் நடுப்பாகத்தைப் பார்த்து மரம் கெட்டியாயிருக்கிறதென்று திருப்தியடைவது ஆபத்தானது.

ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு சட்டத்தையும் சுவரை ஒட்டிச் சிறு சுத்தியினால் தட்டிப் பார்க்க வேண்டும். கெட்டி மரம் கணீரென்று ஒலிக்கும். இற்ற மரம் மழுங்கிய ஓசை தரும். ஐயம் தோன்றிய இடத்தில் கூரிய ஊசியைக் குத்தினால், நல்ல தேக்கில் நுனி மட்டும் பதியும். இற்ற மரத்தில் அரை அங்குலத்திற்கு மேல் எளிதாய் இறங்கும். மற்றொரு சோதனையும் உண்டு. சட்டத்தின் அடியில் சுவருக்குச் சுவர் நூல் பிடித்து, நடுவில் நூலுக்கும் சட்டத்திற்கும் உள்ள வேறுபாட்டை அளந்து சுவரிலேயே தேதியுடன் குறித்து வைக்கலாம். பழைய சட்டங்கள் சிறிது வளைந்திருப்பது இயல்பு; அதனால் அச்சமில்லை. ஆண்டுக்காண்டு அவ்வளவு கூடிக்கொண்டே போனால்தான் அஞ்ச வேண்டும். நுனி இற்றதாகத் தெரிந்த அன்றே அதன்கீழ் முட்டுக் கொடுத்துவிட்டு மற்ற யோசனைகளைச் செய்யலாம். யோசித்து முடிந்தபின் முட்டுக் கொடுக்கலாமென்று இருப்பது தகாது.

பழைய தளத்தின்மேல் சிமெண்டுப் பூச்சு

ஒழுகத் தொடங்கிய சுண்ணாம்புத் தளத்திற்குப் பல ஊர்களில் இன்று செய்யப்படும் வைத்தியம், அதன்மேல் ஓரங்குலமோ ஒன்றரை அங்குலமோ சிமெண்டுக் காரை போட்டு மெழுகிவிடுவதே. செலவு குறைவு, இரண்டு நாளில் வேலை முடிகிறது, அவ்வாண்டு மழைக்கு ஒழுக்கும் நின்றுவிடுகிறது. ஆகையால் வீட்டுக்காரருக்கு இதனினும் சிறந்த பரிகாரம் இல்லையென்றே தோன்றுகிறது. பின்னர் நடப்பதைக் கவனிக்க வேண்டும்.

சித்திரை வெயிலில் சிமெண்டுப் பூச்சு விரிகிறது, இரவில் சுருங்குகிறது. கீழேயுள்ள சுண்ணாம்பும் மரமும் அதே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. இரண்டாம் மூன்றாம் ஆண்டில் பூச்சு வெடித்துச் சில இடங்களில் அடித்தளத்தினின்றும் விட்டுக்கொள்கிறது. வெடிப்பின் வழியே நீர் இறங்குகிறது. முன்னர் வெயிலில் உலர்ந்து மேலே வெளியேறிய அந்நீர் இப்போது சிமெண்டு மூடியிருப்பதால் மேலெழ இயலாமல் காரைக்குள்ளேயே தங்குகிறது. அங்கிருந்து வாட்டத்தின் வழியே பக்கவாட்டில் ஊர்ந்து சுவரோரத்தை அடைந்து சட்ட நுனிகளை நனைத்துக்கொண்டே இருக்கிறது. கூடத்தில் ஒழுக்குத் தெரிவதில்லை. சுவரின் மேற்பாகத்தில் ஓதம் மட்டுமே தெரிகிறது. வீட்டார் அதனைச் சுவரின் குறையென்று எண்ணி வெள்ளையடிக்கின்றனர். அதற்குள் மரம் கெட்டுவிடுகிறது.

இதனோடு பாரத்தையும் எண்ண வேண்டும். சுண்ணாம்புத் தளத்தின் சொந்த எடையே ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 30 கிலோ. ஓரங்குலச் சிமெண்டுக் காரை ஒரு சதுரத்திற்கு, அதாவது 100 சதுர அடிக்கு, ஏறத்தாழ அரை டன் எடையைக் கூட்டுகிறது. மூன்று நான்கு சதுரமுள்ள கூடத்தின்மேல் ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட புதிய பாரம், இற்றுக்கொண்டிருக்கும் நுனிகளின்மேல் ஏற்றப்படுகிறது. ஐந்தாறு ஆண்டுக்கொரு முறை பழைய பூச்சின்மேலேயே புதிய பூச்சுப் போட்டுக்கொண்டு வந்த வீடுகளும் இல்லாமலில்லை. இத்தகைய தளம் விழும்போது மழைநாளின் இரவில் விழுவதே பெரும்பான்மை. ஏனெனில் நீர் குடித்த காரையின் எடையும், தேங்கிய நீரின் எடையும், நனைந்த மரத்தின் பலக்குறைவும் ஒரே சமயத்திற் கூடுகின்றன.

முறையான பரிகாரம் வேறு. வெடித்த இடத்தில் தட்டோடுகளை மெதுவாய்ப் பெயர்த்து, அடியிலுள்ள காரை கெட்டியாயிருப்பின் துடைத்து நனைத்துப் புதிய சுண்ணாம்புச் சாந்தில் மீண்டும் ஓடு பதிக்க வேண்டும். காரை பொடிந்திருப்பின் அப்பொடிந்த மட்டும் தோண்டியெடுத்துச் சுருக்கி போட்டுத் தட்டி இறுக்க வேண்டும். மயிரிழை வெடிப்புக்களைக் கரண்டி நுனியால் சற்று அகலமாக்கி, நன்றாய் அரைத்த சுண்ணாம்பு விழுதைத் திணித்தாலே போதும். தட்டோடும் சுண்ணாம்பும் கையாளத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டனர் என்பது மெய்தான். எனினும் செட்டிநாட்டு வீடுகளைச் செப்பனிடுவோரிடையே இத்தொழில் அற்றுப்போகவில்லை. அத்தகையவர் ஒருவரை இரண்டு நாள் வரவழைத்து ஊர்க் கொத்தனார்களுக்குக் காட்டச் செய்வது, ஊரிலுள்ள பல வீடுகளுக்கும் பயன்படும் செலவாகும்.

நீர் போகும் வழி

தளம் எப்பொருளினால் ஆனதாயினும் தூம்பு இல்லாமல் பயனில்லை. 400 சதுர அடித் தளத்திற்கு 4 அங்குலத் துவாரமுள்ள தூம்பு ஒன்றுக்குக் குறையாமல் வேண்டும். தளம் சிறியதாயினும் இரண்டு வைப்பது நன்று. ஒன்று அடைபட்டால் மற்றொன்று காக்கும். 100 சதுர அடியில் ஓரங்குல நீர் தேங்கினால் அதன் எடை சுமார் 236 கிலோ. 400 சதுர அடியில் 3 அங்குலம் தேங்கினால் ஏறத்தாழ 2,800 கிலோ. ஒரு வைக்கோற் பிரியோ, நெற்பதரின் ஒரு கூடையோ தூம்பை அடைத்துக்கொண்டால் ஐப்பசி மழையில் இவ்வளவு நீர் தேங்குவது அரிதன்று. நெல் காயவைக்கும் தளங்களில் இஃது அடிக்கடி நேருகிறது. ஆகையால் நெல்லை அள்ளியவுடன் தளத்தைப் பெருக்குவதை வேலையின் கடைசிப் பகுதியாகவே கொள்ள வேண்டும். தூம்பு சுவருக்கு வெளியே ஒன்றரை அடியாவது நீண்டிராவிடில், நீர் சுவரோடு வழிந்து அடிவாரத்தைக் கெடுக்கும். குழாய் வைத்து நிலத்திற்குள் விடுவது அதனினும் சிறந்தது. 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பின்னர்ப் பல வீடுகளில் இக்குழாய்கள் ஏற்பட்டன. அவற்றின் வாயில் சல்லடை வைத்துத் துப்புரவாக வைத்திருக்கும் வீடுகள் அவ்வளவாய் இல்லை.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேருமிடத்தில் செங்கோணமாக மூலை விடாமல், சாந்தினால் வளைவாகத் திரட்டிச் சுவரின்மேல் அரையடி உயரம் வரை ஏற்றிப் பூச வேண்டும். இவ்வளைவில் ஏற்படும் வெடிப்பே சட்ட நுனிக்கு யமன் என்பது மேலே கூறியவற்றால் விளங்கும்.

தானியம் உலரும் தளத்தைப் பறவைகள் நாடி வரும். அவற்றின் எச்சத்தில் அரசு, ஆல் முதலியவற்றின் விதைகள் விழுந்து, வெடிப்பிலும் தூம்பின் அடியிலும் முளைக்கும். இரண்டிலை விட்ட நிலையில் விரலாற் பிடுங்கினால் அத்தோடு ஒழிந்தது. வேர் ஓடியபின் மேலே வெட்டிவிட்டுப் போவது வீண். தண்டு மறுபடியும் தளிர்க்க, வேர் சுவரைப் பிளந்துகொண்டேயிருக்கும். அப்போது அவ்விடத்துக் காரையை உடைத்து வேரை முழுவதும் எடுத்து, குழியைச் சாந்திட்டு மூடுவது தவிர வேறு வழியில்லை.

நெல்லைத் தளத்தில் உலர்த்துவதும் குவித்து வைப்பதும் ஒன்றல்ல. ஒரு கன அடி நெல் ஏறத்தாழ 16 கிலோ எடையுள்ளது. 2 அங்குல உயரத்திற் பரப்பினால் சதுர அடிக்கு 3 கிலோவுக்கும் குறைவே, எத்தளமும் தாங்கும். ஓரடி உயரம் குவித்தால் 16 கிலோ. மனிதர் நடமாடும் மேல்தளத்திற்கு இந்திய தர நிர்ணய விதிகள் எண்ணும் பாரம் சதுர அடிக்கு ஏறத்தாழ 14 கிலோவே. மூட்டைகளை 4 அடி உயரம் அடுக்கினால் 64 கிலோ; விதித்த அளவைப் போல் நான்கு மடங்கிற்கும் அதிகம். மழை வருமென்று நெல்லையெல்லாம் தளத்தின் நடுவிற் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவது, அவசரத்திற் செய்யப்படும் காரியமாயினும், பழைய தளத்திற்கு மிகவும் தீங்கானது. குவிக்க வேண்டியே வந்தால் உட்சுவர் ஓடும் இடத்திற்கு நேர்மேலே குவிக்க வேண்டும். ஆயிரம் லிட்டர் நீர்த்தொட்டிக்கும் அவ்விதியே பொருந்தும். அதன் எடை நிரம்பியபோது ஒரு டன்.

காங்கிரீட் தளம்

இன்று புதிதாய்க் கட்டும் வீடுகளில் கம்பி கட்டிய காங்கிரீட் தளமே வழக்கம். இதில் மரமில்லை, ஆகையால் கறையானில்லை. அதற்குப் பதிலாக இரும்பு இருக்கிறது. இரும்புக்குப் பகை துரு. நல்ல காங்கிரீட்டினுள் காரத்தன்மை மிகுந்திருக்கும்வரை கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் நிற்கும், துரு ஏறாது. காற்றிலுள்ள கரியமிலவாயு ஆண்டுக்கணக்கில் காங்கிரீட்டினுள் ஊறிக் காரத்தைக் குறைக்கிறது. உப்பு நுழைந்தால் அப்படலம் இன்னும் விரைவில் அழிகிறது. சுண்ணாம்புத் தளத்தைக் கெட்டியாக்கும் அதே வாயு காங்கிரீட் தளத்தின் கம்பிக்குக் கேடாய் முடிவது கவனிக்கத்தக்கது. துருவானது இரும்பைப்போல் இரண்டு மடங்கிற்கு மேற்பட்ட இடத்தைக் கொள்வதால், கம்பியை மூடிய காங்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளுகிறது.

ஆகவே கம்பிக்கு அடியில் போதிய மூடல் இருப்பதே இத்தளத்தின் ஆயுள். சாதாரண இடங்களில் முக்கால் அங்குலத்திற்குக் குறையாமலும், கடற்கரையை அடுத்த ஊர்களில் அதனினும் மிகுதியாய் ஒன்றே முக்கால் அங்குலம் வரையிலும் வேண்டும். இதற்காகக் கம்பியின் அடியில் சிறு சிமெண்டு வில்லைகளை வைப்பதுண்டு. வில்லைக்குப் பதிலாக ஜல்லிக் கற்களைச் செருகுவது, கம்பியைப் பலகையின்மேலேயே கிடத்துவது போன்றவற்றை வீட்டுக்காரர் காங்கிரீட் போடும் நாளன்று நேரில் நின்று தடுக்க வேண்டும். மற்றொன்று: அறையின் நடுவில் கம்பி அடிப்பாகத்திலும், வெளியே நீண்ட ஜன்னல் நிழற்பலகைகளில் மேற்பாகத்திலும் இருக்க வேண்டும். ஆட்கள் மிதித்து நடக்கும்போது மேற்கம்பி தாழ்ந்துவிடும். அவ்வாறு தாழ்ந்த நிழற்பலகை முட்டெடுத்த அன்றே முறிந்து விழக்கூடும். 15 அடிவரை அகலமுள்ள தளத்திற்கு முட்டுக்களை 7 நாட்களுக்கு முன்னரும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாட்களுக்கு முன்னரும் எடுக்கலாகாது. பாத்தி கட்டி நீர் நிறுத்துவதை 10 நாட்களாவது விடாமற் செய்ய வேண்டும். நாற்றங்காலுக்கு நீர் தவறவிடாத குடியானவர் இதையும் தவறவிடலாகாது. கடல் மணலும் உவர் நீரும் கலவைக்கு ஆகா.

காங்கிரீட் தானே நீரைத் தடுத்துவிடும் என்று எண்ணி வெறுந்தளமாக விட்டுவிடுவது பெருங்குறை. அதன்மேலும் செங்கல் ஜல்லிச் சுருக்கி போட்டு, 4 அடிக்கோ 5 அடிக்கோ ஓர் அங்குல வாட்டம் கொடுத்துத் தட்டோடு பதிப்பதே தக்கது. நீர் வடிவதோடு கீழறையின் வெப்பமும் குறைகிறது. காங்கிரீட் தளத்தின் வெப்பத்தைப் பற்றிக் குறை கூறும் வீடுகளுட் பல, சுருக்கிச் செலவை மிச்சம்பிடித்த வீடுகளே. சுருக்கி போடுமுன் தூம்புகளை அடைத்து ஓரங்குல நீரை ஒரு நாள் நிறுத்திக் கசிவைச் சோதித்துக்கொள்ளலாம். இச்சோதனையைப் பழைய சுண்ணாம்புத் தளத்தில் ஒருபோதும் செய்யலாகாது.

குடியானவர் வீடுகளில் விசேஷமாய்க் கவனிக்க வேண்டியது உரமூட்டைகளைப் பற்றியது. பொட்டாஷ் உரத்தில் மிகுதியும் வழங்கும் மியூரியேட் வகையில் குளோரைடு உப்பு உள்ளது. கம்பிக்கு அஃது உப்பளத்து நீர் போன்றதே. அம்மோனியம் சல்பேட் காங்கிரீட்டையே அரிக்கும். இவற்றை மொட்டை மாடியிலோ மேல்மாடி அறையின் தரையிலோ நேராக அடுக்கினால், சிந்திய உரம் காற்றின் ஈரத்தை வாங்கிக் கசிந்து தளத்தினுள் இறங்கும். கீழறையின் கூரையில் சில ஆண்டுகளில் பழுப்புக் கோடு தோன்றும்போது காரணம் யாதென்று தெரியாமல் மழையைக் குறை கூறுவர். உரத்தைத் தரைமட்ட அறையில் மரச்சட்டங்களின்மேல், சுவரினின்றும் ஓரடி தள்ளி அடுக்க வேண்டும்.

காங்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் கம்பி ஓடும் வழியே நேர்கோடாக வெடிப்போ பழுப்போ தெரிந்தால் துரு ஏறிவிட்டது என்று அறியலாம். உதிர்ந்த இடத்தில் வெறும் சிமெண்டைப் பூசி மூடுவது புண்ணின்மேல் துணி போர்த்துவதை ஒக்கும். கம்பியின் பின்புறம் வரை காங்கிரீட்டைச் செதுக்கி, துருவை முற்றும் தேய்த்து நீக்கி, தேய்ந்து மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, பின்னரே மூட வேண்டும். இதனைப் பொறியாளர் ஒருவரின் யோசனையின்றிச் செய்யலாகாது. தார் அட்டை, ஒழுக்குத் தடுக்கும் வர்ணப் பூச்சு முதலியன தற்காலிக உதவிகளே. வெயிலில் அவை காய்ந்து வெடிக்கும். சில ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிட்ட பின்னரே அவை மலிவா அல்லவா என்று தீர்மானிக்க வேண்டும்.

ஒழுக்கின் மூலத்தைத் தேடும்போது ஓர் எச்சரிக்கை. அறைக்குள் சொட்டும் இடத்திற்கு நேர்மேலேதான் துவாரம் இருக்குமென்று கொள்ளக்கூடாது. நீர் சட்டத்தையோ கம்பியையோ பற்றிக்கொண்டு பல அடி தூரம் ஓடியபின் சொட்டுவதுண்டு. தேடுதலை மேலே, வாட்டத்தின் உயர்ந்த பக்கத்தில் தொடங்க வேண்டும். ஒழுக்குச் சிறிதென்று விதை நெல்லை அவ்வறையிலேயே விட்டுவைப்பது கூடாது. சேமிக்கும் விதை நெல்லின் ஈரம் நூற்றுக்கு 13-க்கு மேற்படலாகாது. ஓதம் கொண்ட சுவரில் சாய்த்த மூட்டையில் அவ்வளவு விரைவில் மிஞ்சிவிடும்; நெல் நனைந்ததாய்க் கண்ணுக்குத் தெரியாமலே முளைப்புத் திறன் போய்விடும். அக்குறை நாற்றங்காலில்தான் வெளிப்படும்.

இடிப்பதா, காப்பதா

பழைய சுண்ணாம்புத் தளத்தில் சட்ட நுனிகள் பெரும்பாலும் கெட்டியாயிருந்து, ஓடும் மேற்காரையும் மாத்திரம் கெட்டிருந்தால், அதனைக் காப்பதே இலாபம். இரண்டு மூன்று சட்டங்கள் மட்டும் இற்றிருந்தால், சுவரை ஒட்டிக் குறுக்கே இரும்பு உத்திரம் ஒன்றைக் கொடுத்து நுனிகளை அதன்மேல் தாங்கச் செய்யலாம். சட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கெட்டு, கோணவாட்டுச் செங்கற்களும் உதிரத் தொடங்கியிருந்தால் இடிப்பதே தகும். அத்தகைய தளத்தின்கீழ் ஒரு மழைக்காலமேனும் குடியிருப்பது விவேகமன்று. பள்ளிக்கூடம், சாவடி முதலிய பொதுக் கட்டடங்களில் இச்சோதனையைச் செய்து எழுத்து மூலமாய்க் குறித்து வைத்தல் வேண்டும். ஐயமுள்ள அறையைப் பூட்டி வைப்பதற்கு மேலிடத்து உத்தரவு வரும்வரை காத்திருக்கலாகாது.

காலமும் முக்கியம். சுண்ணாம்பு வேலைக்குத் தை, மாசி மாதங்கள் ஏற்றவை. மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் கடுமையாயிராது, காரை மெதுவாய் உலரும். சித்திரை, வைகாசியில் செய்ய நேர்ந்தால் ஈரச்சாக்குப் போட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சட்டச் சோதனையும் தூம்புத் துப்புரவும் ஆவணிக்குள் முடியலாம். புரட்டாசியில் ஒருமுறை தளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டால் ஐப்பசிக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

இடிக்க நேரும் வீடுகளிலும் எல்லாம் வீணாவதில்லை. தேக்கஞ் சட்டங்களின் இற்ற நுனிகளை அறுத்துவிட்டால் எஞ்சிய நடுப்பாகம் கதவு நிலைக்கும் சிற்றறைகளின் தளத்திற்கும் உதவும். பழைய பர்மாத் தேக்காயின் அதன் விலை இடிப்புக் கூலியையே ஈடு செய்துவிடும். ஆகையால் இடிப்புக் குத்தகை பேசுமுன்னர்ச் சட்டங்களை எண்ணி அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டி நீக்கிய சிறு செங்கற்களையும் முழுத் தட்டோடுகளையும் மழைபடாத இடத்தில் அடுக்கி வைத்தால், அதே ஊரில் காக்கப்படும் மற்றொரு தளத்தின் பழுதுபார்ப்புக்கு அவை பயன்படும். அவ்வளவில் இப்போது புதிதாய்ச் சுடுவோர் சிலரே.